அப்பாவின் ஒரு கிட்னியை எடுக்கச் சொல்கிறார்கள், எடுத்த பிறகு எப்படி இருக்கும்?

கொடிவேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை பல வருடமாக இருக்கிறது, மாத்திரையில்தான் ஓடுகிறது. இடது கிட்னியில் பெரிய கல். எப்போதிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது, கிட்னி வீங்கிப்போய்க் கிடக்கிறது. அடிக்கடி குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி. டிடிபிஏ ஸ்கேனில் (ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டும் ஸ்கேன்) இடது பக்கம் 9 சதவீதம், வலது பக்கம் 91 என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.3. "இது வேலை செய்யாத கிட்னி, எடுத்துவிடலாம், காப்பீட்டுத் திட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் யூராலஜி டாக்டர்.

வீட்டில் ஒரே குழப்பம். சித்தப்பா, "ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் தானாகப் போய்விடும், கடைசியில் டயாலிசிஸ்தான்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மா வாழைத்தண்டுச் சாற்றை விடுவதாக இல்லை. கல்லை மட்டும் எடுத்துவிட்டுக் கிட்னியை விட்டுவைக்க முடியாதா? எடுத்தால் அப்புறம் மனிதர் பழையபடி நடமாடுவாரா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை மைனர்

அவசரப்படாதீர்கள் நண்பரே. எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கிட்னியை எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உங்கள் சித்தப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. குறைந்தது இன்னொரு டாக்டரிடமாவது காட்டுங்கள்.

யூரோ மதுரை

நான் யூராலஜியில் வேலை பார்ப்பவன். இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தப்பே இல்லை, தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் மைனர் சாரிடம் ஒரு கேள்வி. பெரியப்பாவுக்கு எதற்காக எடுத்தார்கள்? ஆபரேஷனுக்கு முன்பே கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்ததா? இது தெரியாமல் அந்தக் கதையை இவர் அப்பாவுக்குப் பொருத்த முடியாது.

கணக்கைப் பாருங்கள். 61 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.3 என்றால் மொத்த வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்ற கணக்கு) சுமார் 60. அதில் 91 சதவீதத்தை ஏற்கனவே வலது கிட்னிதான் செய்துகொண்டிருக்கிறது. இடதை எடுத்தால் இழப்பது ஐந்தோ ஆறோதான். அதாவது அப்பா இப்போதே நடைமுறையில் ஒற்றைக் கிட்னியோடுதான் வாழ்கிறார். நாளைக்கு டயாலிசிஸ் வருமா வராதா என்பது எடுக்கப்போகும் இடது கிட்னியைப் பொறுத்தது இல்லை. இருக்கப்போகும் வலது கிட்னி எப்படி இருக்கிறது, சர்க்கரையும் பிரஷரும் அதை என்ன செய்யப்போகின்றன என்பதைப் பொறுத்தது. எனக்குக் கவலை தருவது 60 என்ற அந்த எண்தான். ஒரு பக்கக் கிட்னி செயலிழந்து வருடக்கணக்கானால் நல்ல கிட்னி வளர்ந்து ஈடுகொடுத்திருக்க வேண்டும். அப்படியும் 60 தான் என்றால் அதற்கும் சர்க்கரை பாதிப்பு இருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் (ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதைக் காட்டுவது) பார்த்தார்களா என்று கேளுங்கள். நூறு ரூபாய்க் கணக்கில் முடிகிற பரிசோதனை, பலர் செய்வதே இல்லை.

அடுத்தது, அடைத்துக்கொண்டிருக்கும் கிட்னியில் 9 சதவீதம் என்பது இறுதித் தீர்ப்பு அல்ல. அடைப்பால் வீங்கி நிற்கும்போது அது தன் முழு வேலையைக் காட்டாது. முதுகு வழியாக ஒரு டியூப் போட்டு, அதைத்தான் பிசிஎன் என்போம், நான்கிலிருந்து ஆறு வாரம் வடியவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரியும். சிலருக்கு 9 என்பது 20 ஆகும். அவர்களுக்குக் கல்லை மட்டும் எடுத்துக் கிட்னியைக் காப்பாற்றலாம். ஏறவில்லை, 10-க்குக் கீழேயே நிற்கிறது, கூடவே காய்ச்சலும் சீழும் என்றால் வைத்திருப்பதுதான் ஆபத்து. சர்க்கரைக்காரர்களுக்கு அந்தச் சீழ் திடீரென்று வாயு உண்டாக்கும் தொற்றாக மாறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். முன்பெல்லாம் அந்த நிலையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிட்னியை எடுப்பார்கள். இறப்பும் அதிகம். இப்போது முதலில் டியூப் போட்டு வடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, ஆளைத் தேற்றுகிறோம். கிட்னியை எடுப்பது அப்புறம், அதுவும் தேவைப்பட்டால்தான்.

தொந்தரவே தராமல் சுருங்கிக் கிடக்கும் கிட்னியை யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை மைனர்

பெரியப்பாவுக்குக் கேன்சர் கட்டி, டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பே கிரியேட்டினின் 2-க்கு மேல் என்று அண்ணன் இப்போது சொல்கிறான். சரி, அது வேறு கதைதான் போலிருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், ஆபரேஷன் எவ்வளவு சுலபம்? லேப்ராஸ்கோப்பி என்றால் மூன்று ஓட்டை, மூன்று நாளில் வீடு என்று விளம்பரம் போடுகிறார்களே.

யூரோ மதுரை

வெளியே இருப்பவர்கள் நினைப்பதற்கு நேர்மாறு. சின்னக் கட்டியோடு இருக்கும் கிட்னியை எடுப்பது பெரும்பாலும் சுத்தமான வேலை. வருடக்கணக்காகக் கல்லும் சீழுமாக இருந்த கிட்னிதான் எங்களைப் படுத்தும். சுற்றியுள்ள கொழுப்பு, குடல், முதுகுத் தசை, பெரிய ரத்தக்குழாய் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துப் பாதியில் திறந்து செய்ய வேண்டி வரும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், ஆளின் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது. ரத்தப்போக்கு, குடலில் காயம், விலா எலும்பை ஒட்டி வெட்டும்போது நுரையீரல் உறை திறந்துகொள்வது, அப்புறம் தையலில் சீழ், நெஞ்சுச்சளி, காலில் ரத்தக்கட்டி. இவையெல்லாம் நடக்கக்கூடியவை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள்.

காசநோய் கிட்னி என்றால் இன்னொரு வரிசை உண்டு. சில வாரம் டிபி மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் கத்தி.

நைட் டியூட்டி அக்கா

டாக்டர் தியேட்டர் கதையைச் சொல்லிவிட்டார், வார்டு கதை என்னுடையது. யூராலஜி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் நாங்கள் ஆளின் முகத்தைவிட யூரின் பையைத்தான் அதிகம் பார்ப்போம். மணிக்கு எவ்வளவு மில்லி என்று குறிப்போம். மீதமிருக்கும் கிட்னி வேலையை ஏற்றுக்கொண்டதா என்பதை அதுதான் முதலில் சொல்லும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் மறுநாள் கொஞ்சம் ஏறும், அதைப் பார்த்து உறவுக்காரர்கள் வராண்டாவில் அழுவார்கள். பெரும்பாலும் சில நாளில் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி வாங்கிவரச் சொல்வோம். அதை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். விலாவில் வெட்டு இருப்பதால் மூச்சை இழுத்தாலே வலிக்கும், அதனால் மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், சளி கட்டும், காய்ச்சல் வரும். தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். "புண் பிரிந்துவிடும்" என்று பயந்து அசையாமல் கிடப்பவர்தான் எங்களுக்குத் தலைவலி. மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கி உட்காரவைப்போம். கேஸ் பிரிந்ததா என்று காலையும் மாலையும் கேட்போம், சிரிக்காதீர்கள். அதற்கப்புறம்தான் இட்லி.

இன்னொன்று. எடுத்த கிட்னியை ஒரு தட்டில் கொண்டுவந்து வெளியே நிற்பவர்களிடம் காட்டுவார்கள், அப்புறம் ஃபார்மலின் டப்பாவில் போட்டு பயாப்சிக்குப் போகும். பல இடங்களில் டப்பாவை லேபுக்கு எடுத்துப்போவது நீங்கள்தான். ரிப்போர்ட் வருவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவீர்கள். அதைத் திரும்பி வந்து வாங்காதவர்கள் எத்தனையோ பேர். கல், சீழ் என்று எடுத்ததில் உள்ளே டிபியோ கட்டியோ இருந்தால் அந்தத் தாள்தான் சொல்லும். வாங்கிவிடுங்கள்.

பழைய ஏடு

ஒரு சின்னக் கிளைக்கதை. "ஒரே கிட்னியோடு மனிதன் உயிர் வாழ்வானா" என்ற சித்தப்பாவின் கேள்வி 1869-இல் உலகத்துக்கே இருந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குஸ்தாவ் சைமன் என்ற அறுவை நிபுணர் அந்த வருடம் ஆகஸ்ட் 2 அன்று மார்கரேத்தா கிளெப் என்ற பெண்ணுக்குத் திட்டமிட்டு ஒரு கிட்னியை எடுத்தார். அதற்கு முந்தைய ஆபரேஷன் ஒன்றில் சிறுநீர்க் குழாய் சேதமாகி, அந்த அம்மாவுக்குச் சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. மற்ற வழிகள் பலிக்கவில்லை. சைமன் முதலில் நாய்களிடம் செய்து பார்த்து, ஒன்று போதும் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கத்தியைத் தொட்டார். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அந்த அம்மா பிழைத்தார்.

லேப்ராஸ்கோப்பி 1990-இல்தான் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழு 85 வயது மூதாட்டிக்குச் செய்தது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் பிடித்ததாம்.

அரும்பாக்கத்தான்

என் மனைவிக்கு வேறு பிரச்சினை. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் வலது கிட்னியில் 3 செ.மீ. கட்டி. ஒரு டாக்டர் முழுதாக எடுத்தால்தான் நிம்மதி என்றார். இன்னொருவர் கட்டியை மட்டும் வெட்டலாம் என்றார். கடைசியில் பாதி கிட்னிதான் போனது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கிலிருந்து 2006-இல் வந்த ஆய்வு எனக்கு அப்போது கைகொடுத்தது. சின்னக் கட்டிக்காக ஆபரேஷன் செய்த 662 பேர். எல்லோருக்கும் கிரியேட்டினின் நார்மல், இரண்டு கிட்னியும் உண்டு. ஆனாலும் நுணுக்கமாகக் கணக்கிட்டால் 26 சதவீதம் பேருக்கு முன்பே திறன் 60-க்குக் கீழே. மூன்று வருடம் கழித்து 60-க்குக் கீழே விழாமல் இருந்தவர்கள், பகுதி மட்டும் எடுத்தவர்களில் 80 சதவீதம், முழுதாக எடுத்தவர்களில் 35 சதவீதம்தான். இதற்கப்புறமும் முழுக் கிட்னியை எடுக்கச் சொல்பவர்களை என்னவென்று சொல்வது?

யூரோ மதுரை

உங்கள் மனைவிக்கு எடுத்த முடிவு சரியானதுதான் சார், 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்கு இன்று அதுதான் முதல் தேர்வு. ஆனால் "முழுதாக எடுப்பவன் குற்றவாளி" என்ற அளவுக்குப் போகாதீர்கள். ஐரோப்பாவில் 541 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள், முடிவு 2011-இல் வந்தது. பத்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் முழுக் கிட்னியை எடுத்த பக்கம் 81 சதவீதம், பகுதியை எடுத்த பக்கம் 76. எல்லோரும் எதிர்பார்த்ததற்குத் தலைகீழ். பிற்பாடு கிட்னித் திறனை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். 60-க்குக் கீழே விழுந்தவர்கள் முழுதாக எடுத்தவர்களில்தான் அதிகம், சுமார் 86 சதவீதம், பகுதி எடுத்தவர்களில் 65. ஆனால் டயாலிசிஸ் நிலை என்று சொல்லும் 15-க்குக் கீழே போனவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றேதான், ஒன்றரை சதவீதம் அளவில்.

அந்தச் சோதனைக்கும் குறைகள் உண்டு. ஆள் சேர்ப்பது மந்தமாகிப் பாதியில் நிறுத்தியது, சிலர் பக்கம் மாறினார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஆபரேஷனால் 60-இலிருந்து 50-க்கு இறங்குவதும், சர்க்கரை நோயால் 60-இலிருந்து 50-க்கு இறங்குவதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பின்னது இன்னும் இறங்கும். பேப்பரில் இரண்டுக்கும் ஒரே எண், ஒரே 'மூன்றாம் நிலை கிட்னி நோய்' முத்திரை. நோயாளியைப் பயமுறுத்தும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

ஏற்கனவே நுரையீரல், எலும்பு என்று பரவிவிட்ட கேன்சரில் கிட்னியை எடுப்பதா என்பது வேறு வழக்கு. 2018-இல் வந்த கார்மெனா சோதனையில் ஆபரேஷன் இல்லாமல் சுனிடினிப் என்ற கேன்சர் மாத்திரை மட்டும் கொடுத்தவர்கள் ஆபரேஷன் செய்தவர்களைவிட மோசமாகிவிடவில்லை. அதிலிருந்து அந்தக் கட்டத்தில் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

இரண்டாம் இன்னிங்ஸ்

நான் என் கணவருக்குக் கொடுத்தவள். எனக்கு எடுத்தது நல்ல கிட்னி, அதனால் என் கணக்கு வேறு. கிரியேட்டினின் 0.7 இருந்தது, இப்போது 1.1. மீதமிருக்கும் கிட்னி கொஞ்சம் பெரிதாகி, பழைய மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும் என்று நெஃப்ராலஜி டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியேதான் ஆனது.

கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். அமெரிக்காவில் 96,000-க்கும் மேற்பட்ட தானம் கொடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. 15 வருடத்தில் பத்தாயிரம் பேரில் சுமார் 31 பேருக்குக் கிட்னி முழுதாகப் போனது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 4 பேர். பல மடங்குதான், ஆனால் எண்ணிக்கை சின்னது. என்னிடம் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை பெறும் வயதில் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிற்பாடு கர்ப்பத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு கூடும். கனடா ஆய்வில் 11 சதவீதம், மற்றவர்களுக்கு 5. நம் ஊரில் கொடுப்பவர்கள் அதிகமும் அம்மா, மனைவி, அக்கா. கேட்காமலேயே தலையாட்டிவிடுவோம்.

வில்லிவாக்கத்து வாசி

அமெரிக்கக் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது சகோதரி. அங்கே ஆளைச் சலித்து எடுக்கிறார்கள், காப்பீடு இருக்கிறது, செக்கப்புக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் பகுதிக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் இருந்த காலத்தைப் பார்த்தவன் நான். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001-இல் நேரில் சந்தித்து எடுத்த ஆய்வு அடுத்த வருடம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்றபிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. உடம்பு முன்னைவிட மோசம் என்றவர்கள் 86 சதவீதம். இதுவும் கிட்னி எடுத்ததன் விளைவுதானே டாக்டர்? கிட்னி விற்பனையைத் தடை செய்யும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2025-இல் கிட்னி விற்றவர்கள் என்று பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர்கள் பெயர் அடிபட்டதே.

யூரோ மதுரை

விளைவுதான், மறுக்கவில்லை. அங்கேயும் அதே ஆபரேஷன், அதே விலா வெட்டு. மூட்டை தூக்கவும் தறியில் நாள் முழுக்க நிற்கவும் வேண்டியவரை, பணம் கைமாறியதும் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். பிரஷர் பார்க்க ஆளில்லை, வலிக்கு மெடிக்கலில் ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் இருந்தால் அந்த 86 சதவீதத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

கொடிவேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி, இழை எங்கெங்கோ போய்விட்டது, இருந்தாலும் எல்லாமே உதவியது. நிலவரம் சொல்கிறேன். டியூப் போட்டார்கள். முதலில் வந்தது சிறுநீரே இல்லை, கெட்டிச் சீழ். காய்ச்சல் விட்டது, சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அம்மா "இப்படியே விட்டுவிடலாமே" என்றார். சில வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் 7 சதவீதம். ஏறவில்லை. சித்தப்பாவை அந்த டாக்டரிடமே அழைத்துப்போய் உட்காரவைத்தேன், வலது கிட்னிதான் வேலை செய்கிறது என்று படத்தில் பார்த்த பிறகு அவரே ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தார்.

லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துத் திறந்துதான் முடித்தார்கள், குடலோடு ஒட்டியிருந்ததாம். தட்டில் காட்டினார்கள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள், நடுவில் இஞ்சிக் கிழங்கு போலக் கிளைவிட்ட கல். கிரியேட்டினின் 1.9 வரை போய் 1.4-இல் நிற்கிறது. பயாப்சி வாங்கிவிட்டேன் அக்கா: சாந்தோகிரானுலோமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் (நாள்பட்ட தொற்றால் கிட்னி அழிந்துபோகும் ஒரு வகை அழற்சி), கேன்சர் இல்லை, டிபி இல்லை. ஆல்புமின் மட்டும் கொஞ்சம் போகிறது, அதற்கு ஒரு மாத்திரை கூடியிருக்கிறது. ஒரே குறை, வெட்டுப் பக்கம் வயிறு புடைத்துக்கொண்டு நிற்கிறது, தொட்டால் மரத்துப்போயிருக்கிறது என்கிறார். ஹெர்னியாவா?

நைட் டியூட்டி அக்கா

பெரும்பாலும் ஹெர்னியா இல்லை தம்பி. விலாவுக்குக் கீழே ஓடும் நரம்பு வெட்டில் அடிபட்டால் அந்தப் பக்கத் தசை தளர்ந்து இப்படிப் புடைக்கும், மரத்தும் போகும். சிலருக்கு மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் நிற்கும். இருமும்போது தனியாக உருண்டையாகத் தள்ளினாலோ வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீர்க் குடம், உரமூட்டை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

தஞ்சை மைனர்

நல்ல சேதி. வாழைத்தண்டைத் தொடரலாமா? அதையும் கேட்டுவிடுங்கள், அம்மா விடமாட்டார்.

யூரோ மதுரை

வாழைத்தண்டு பொரியல் தாராளமாக. பெயர் தெரியாத சூரணம், பஸ்பம், கல் கரைக்கும் கஷாயம் வேண்டாம். ஆடுதின்னாப்பாளை போன்ற மூலிகைகளில் கிட்னியையே அரிக்கும் நஞ்சு இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை, ஊசி எதுவும் கூடாது. காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால். சர்க்கரை, பிரஷர், ஆல்புமின், கிரியேட்டினின் நான்கையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

நைட் டியூட்டி அக்கா

டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து அப்பாவின் பையிலேயே ஒன்று போட்டுவிடுங்கள். நாளைக்குப் பல் பிடுங்கப் போனாலும், சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், முதலில் "எனக்கு ஒரு கிட்னிதான்" என்று அவரே சொல்லிவிட வேண்டும். எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.